புளியமரத்தில் கட்டிய குழாயும் கிணற்றில் விழுந்த தவளையும்

நம் ஊர்க் கோயில் திருவிழா மலருக்கு, அந்தக் காலத்து முளைப்பாரியைப் பற்றி வயதானவர்கள் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் முன்னது பின்னாலும் பின்னது முன்னாலும் வந்து விழுகிறது. மருமகள் பிழை பார்த்துத் தருகிறேன் என்றாள், அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. பெயர்கள் பாதி மறந்துபோயின. மறக்காத பெயர்களை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அத்தை, அக்கா என்றே எழுதிவிடுகிறேன். என்னோடு மந்தையில் கும்மி கொட்டிய அக்கா தங்கச்சிமார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முளைப்பாரியை எழுதச் சொன்னால் இவள் டி.வி. விளையாட்டை எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். அது இல்லாவிட்டால் இது எனக்கு விளங்கியிருக்காது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் இப்போது ஒத்தக்கடையில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர்களுக்கு ஒரே பெண் பிள்ளை, மூன்றாம் வகுப்பு படிக்கிறது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் பில் போடுகிறாள். போன ஆடி மாதம் அவள் கீழே வந்து, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறார்கள், வீடியோ கேம் விளையாடிக்கொண்டே பாட்டும் தாளமும் படிக்கலாமாம் என்று சொன்னாள்.

"வெளையாண்டா பாட்டு வருமாம்மா?" என்று கேட்டேன்.

"வருதோ வரலையோ, வீட்டுல இருந்தா போனத்தான நோண்டுறா. அங்கிட்டுப் போயி நோண்டட்டும். எனக்குக் கடையில லீவு கெடையாது. நீங்க கூடப் போயி உக்காந்திருந்தாப் போதும் அம்மாச்சி."

"இங்கயும் சும்மாதான உக்காந்திருக்கேன். அங்கிட்டு உக்காந்துட்டு வாரேன்" என்றேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது அல்லவா, மண்டபம் சும்மா கிடந்தது. சாப்பாட்டு ஹாலில் மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். எவ்வளவு கழுவினாலும் போகாத சாம்பார் வாசனை அந்தத் தரையில் இருந்தது. சுவரில் பெரிய டி.வி. அதற்கு முன்னால் ரப்பர் ஒட்டிய வட்டத் தட்டுகள், ஒரு பிள்ளைக்கு ஒன்று. சொல்லிக்கொடுக்க ஒரு இளம்பெண் வந்திருந்தாள். கம்ப்யூட்டர் படித்தவள், வீணையும் வாசிப்பாளாம். பிள்ளைகள் அவளை மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

விளையாட்டு இதுதான். டி.வி.யில் ஒரு கிணறு. மேலே இருந்து மழைத்துளி மாதிரி உருண்டைகள் வரிசையாக இறங்கும். கூடவே பாட்டு ஓடும். உருண்டை கீழே இருக்கும் கோட்டைத் தொடுகிற நேரமும் பாட்டில் தாளம் விழுகிற நேரமும் ஒன்று. அந்த நேரத்தில் தட்டைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் ஒரு பச்சைத் தவளை கிணற்றை ஒரு தாண்டாகத் தாண்டிவிடும். தப்பினால் உள்ளே விழும். விழும்போது அது ஒரு சத்தம் போடும், பாவமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஆதி தாளம், ரூபக தாளம் எல்லாம் இப்படித்தான் உள்ளே போனது. நான் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாடி வீட்டுப் பிள்ளை அதிகம் பேசாது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொள்ளும். முதல் சனிக்கிழமை அதன் தவளை ஒரு தடவைகூட விழவில்லை. பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட பையன் ஒருவன் இருந்தான், நல்ல வாயாடி. வாரா வாரம் அதே சட்டைதான், எங்களுக்கு அவன் பேரே சிவப்புச் சட்டை ஆகிவிட்டது.

"கண்ண மூடிக்கிட்டு எப்படிடி அடிக்கிற?"

"காதால அடிக்கிறேன்."

"காதால அடிச்சா காது பிஞ்சிரும்டி" என்றான். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அதுவும் சிரித்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஏன் கண்ணை மூடுகிறாய் என்று கேட்டேன். "தவள விழுந்தா பாக்க முடியாது அம்மாச்சி. அது பாவம்ல" என்றது.

அடுத்த வாரம் மிஸ் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் கொண்டுவந்தாள். ஃபேன் சத்தத்தில் டி.வி. பாட்டு பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று. சின்னக் குடம் அளவு இருக்கும், வயர் கிடையாது. பாட்டு நெஞ்சில் வந்து இடித்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அன்றிலிருந்து மாடி வீட்டுப் பிள்ளையின் தவளை விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு தட்டுக்கும் விழுந்தது. டி.வி.யில் சிவப்பாக ஏதோ எழுத்து வரும். சிவப்புச் சட்டை அதை உரக்கப் படிப்பான். "லேட்டு. லேட்டு. மறுக்கா லேட்டு."

அது கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் தவளை போடும் சத்தம் காதுக்குக் கேட்கத்தானே செய்யும்.

அதன் அம்மாவிடம் சொன்னேன். "அவங்க அப்பா மாதிரி அம்மாச்சி. மத்த ஆட்டோவெல்லாம் சவாரி ஏத்திக்கிட்டுப் போன பெறகுதான் அந்த மனுசன் ஸ்டாண்டுக்கே போவாரு" என்று சிரித்தாள். பிள்ளை பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. சும்மா சொன்ன பேச்சுத்தான். எனக்கு அந்த நகம் கடிக்கிற சத்தம் மட்டும் பிடிக்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை மிஸ் என்னிடம் தனியாக வந்தாள். "கடைசி ஞாயித்துக்கிழமை பேரண்ட்ஸ் எல்லாம் வருவாங்கம்மா. பிள்ளைக எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டு அடிக்கப் போறாங்க. ஒருத்தர் தப்புனாலும் தவளை விழுந்துரும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அவள வாசல்ல சந்தனம் கல்கண்டு குடுக்க நிறுத்தலாம்னு நினைக்கிறேன். அழகாச் செய்வா. நீங்க பக்குவமாச் சொல்லிருங்களேன்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் என் கையில் செம்பு இருப்பது போல ஆகிவிட்டது.

செம்பு என்றால் உங்களில் சிலருக்கு ஞாபகம் வரலாம். முளைப்பாரி வீட்டுக்கு முன்னால் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் செம்போடு உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அலங்காநல்லூருக்கு மேற்கே அந்த வருஷம் மழை தள்ளிப் போயிருந்தது. முளைப்பாரி வீட்டுக்குள் பகலிலும் இருட்டு. ஈர எருவும் முளைவிட்ட பயறும் சேர்ந்த அந்த மணம் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. வெயில் படாததால் முளைகள் எல்லாம் மஞ்சளாக, பிள்ளை விரல் மாதிரி நிற்கும். பொழுது இறங்கும் நேரத்தில் கோயில் முன்னால் மந்தைவெளியில் கும்மி. பாட்டெடுப்பது எங்கள் அத்தை. நல்ல கணீர்க் குரல். அத்தை ஒரு வரி பாட, நாம் எல்லோரும் கொட்டிக்கொண்டே வாங்கிப் பாடுவோம்.

நான் அக்காவின் பாவாடையைக் கட்டியிருந்தேன். அரக்குக் கலர், கீழே சரிகை. எனக்கு ரொம்ப நீளம். மிதித்துவிடக் கூடாது என்று தரையைப் பார்த்தே சுற்றுவேன். அது ஒரு சாக்குத்தான். பாவாடை குட்டையாக இருந்திருந்தாலும் தரையைத்தான் பார்த்திருப்பேன். எல்லோரும் ஒருத்தி கையை ஒருத்தி பார்த்துக் கொட்டுவார்கள். நான் அத்தை குரலைக் கேட்டுக் கொட்டுவேன். அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. "குனிஞ்சுக்கிட்டே கொட்டுறா பாரு, கை எம்புட்டு சுத்தமா விழுகுது" என்று அத்தையே ஒரு நாள் சொன்னார்.

திருவிழா நெருங்கியபோது மைக் செட் வந்தது. நம் ஊருக்கு அதுதான் முதல் தடவை. பேட்டரியை மாட்டுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மைக்கில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். கையால் தொட்டால் அடிக்கும் என்று பயந்து நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. சத்தம் வருகிற குழாய் ஒன்றே ஒன்றுதான். அதைக் கோயில் முன்னால் கட்டலாம் என்றார் செட்டுக்காரர். நம் பெரியவர்கள் விடவில்லை.

"நமக்குத்தான் பாட்டு நேராவே கேக்குதே. கண்மாய்க்கு அங்கிட்டு இருக்கவன் கேக்க வேணாமா? கொண்டுபோயி புளியமரத்துல கட்டுப்பா" என்றார்கள். பக்கத்து ஊரில் மைக் செட் கிடையாது. அந்தப் பெருமை.

குழாயைக் கண்மாய்க்கரைப் புளியமரத்தில் கட்டி, ஊரைப் பார்த்தும் பார்க்காமலும் திருப்பி வைத்தார்கள். அத்தை மைக் முன்னால் நின்று பாடினார். அத்தனை பேர் கொட்டுகிற சத்தத்தில் அத்தையின் வாய்க்குரல் எனக்குக் கேட்கவில்லை. நான் மரத்துப் பக்கம் கடைசி வட்டத்தில் இருந்தேன். குழாய்க் குரல்தான் கேட்டது. அதைக் கேட்டே கொட்டினேன்.

என் கை எல்லோருடைய கைக்கும் பின்னால் தனியாக விழுந்தது. முதலில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த சுற்றில் சிரித்தார்கள். அதற்கடுத்த சுற்றில் யாரும் சிரிக்கவில்லை. அம்மன் காரியத்தில் கொட்டு தப்பக் கூடாது. அத்தை பாட்டை நிறுத்திவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னடி ஆச்சு ஒனக்கு? நேத்து வரைக்கும் நல்லாத்தான கொட்டுன."

 சரியாகத்தான் கொட்டினேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"கை தப்புது. வா, நீ தண்ணிப் பானைகிட்ட உக்காரு. எல்லாருக்கும் மோந்து குடு. அதுவும் அம்மன் காரியந்தான்" என்றார்.

அத்தை கெட்டவர் இல்லை. அன்று எனக்கு மட்டும் துள்ளுமாவு, அம்மனுக்குப் படைக்கிற வெல்லம் போட்ட பச்சரிசி மாவு, ஒரு கை கூடுதலாக வைத்தார். நான் அதைப் பாவாடை மடியில் வைத்துக்கொண்டே இருந்து, சரிகையெல்லாம் பிசுபிசுவென்று ஆகி, அக்காவிடம் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பாவாடை பிறகு என்ன ஆனதென்று தெரியவில்லை.

அதோடு என் கொட்டு போயிற்று. தாளம் வராத பிள்ளை என்று பேராகிவிட்டது. நடவு நடும்போது எல்லோரும் பாடுவார்கள், நான் நாற்றை மட்டும் ஊன்றுவேன். கல்யாண வீட்டில் குலவை போடும்போது வாயில் கையை வைத்துக்கொள்வேன், சத்தம் வராது. நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். என் பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடியதில்லை. முதுகில் தட்டிக்கொடுத்தே தூங்க வைத்தேன். நன்றாகத்தான் தூங்கினார்கள்.

மிஸ் சொன்னதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நடந்து வந்தேன். அதுவே கேட்டது.

"நான் சந்தனம் குடுக்கணுமா அம்மாச்சி?"

"யாரு சொன்னது?"

"சிவப்புச் சட்ட ஒட்டுக் கேட்டுட்டு வந்து சொல்லிட்டான்." என் விரலைப் பிடித்துக்கொண்டது. பிறகு, "சந்தனம் குடுத்தா நல்லதுதான். தவள விழுகாதுல்ல" என்றது.

பெரிய மனுஷி மாதிரி சொன்னது. 

மறுநாள் அது தட்டுக்கு முன்னால் போகவே இல்லை. என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மிஸ் கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. கடைசியில் அவள் என்னைப் பார்த்து, "நீங்க ஒரு தடவை தட்டுங்களேன்மா. ஒங்களப் பாத்து அவளும் வருவா" என்றாள்.

"எனக்குத் தாளம் வராதும்மா."

"யாரு சொன்னா?"

"எங்க அத்த."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. மாடி வீட்டுப் பிள்ளை என் முந்தானையை இழுத்தது. "நீங்க தட்டுனா நானும் தட்டுறேன் அம்மாச்சி."

அதற்காகத்தான் உட்கார்ந்தேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். டி.வி.யில் எனக்குப் பச்சையும் நீலமும்தான் தெரிந்தது, உருண்டை கிருண்டை ஒன்றும் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஸ்பீக்கர் பாட்டைக் கேட்டேன். கேட்டபடி தட்டினேன். முதல் தட்டிலேயே தவளை கத்தியது. அடுத்ததிலும் கத்தியது. பாட்டு முடிகிறவரை கத்தியது.

"அம்மாச்சி தவளையக் கொன்னுருச்சு" என்றான் சிவப்புச் சட்டை. "மிஸ், ரெண்டு பேரும் ஒரே டீம். ரெண்டும் லேட்டு."

மிஸ் சிரிக்கவில்லை. டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றாள். நாம் தட்டிய இடமெல்லாம் அதில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்குமாம். என்னுடையதைப் பார்த்தாள். முந்தின நாள் பிள்ளை தட்டியதை எடுத்துப் பார்த்தாள்.

"தாளம் தெரியாதவங்க முன்னயும் தட்டுவாங்க, பின்னயும் தட்டுவாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே அளவுக்குப் பின்னாடி வாரீங்களேம்மா" என்றாள். "ஒரு புள்ளிகூடக் கலையல."

அவள் ஸ்பீக்கரை அணைத்தாள். பாட்டு டி.வி.யிலிருந்து சன்னமாக வந்தது. ஃபேனையும் நிறுத்தச் சொன்னாள். "இப்ப நீ வாடா" என்று பிள்ளையைக் கூப்பிட்டாள். அது என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. ஹால் முழுக்கப் புழுக்கம். 

தவளை தாண்டியது. கத்தாமல் போய்க்கொண்டே இருந்தது. பாதியில் பிள்ளைக்கே சந்தேகம் வந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது.

மிஸ் பாயில் உட்கார்ந்து எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். வயர் இல்லாத ஸ்பீக்கருக்குப் பாட்டு போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்குமாம். படம் முந்திக்கொள்ளும், சத்தம் பின்னால் வரும். படத்தைப் பார்த்துத் தட்டுகிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. காதால் கேட்டுத் தட்டுகிற பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். "நான்தான் முதல் நாளே அதச் சரி பண்ணி வச்சிருக்கணும். அவ மேல தப்பே இல்ல. அவ காது ரொம்பச் சரியா இருக்கு" என்றாள். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "சாரிடா" என்றாள். அது தலையை ஆட்டியது.

சிவப்புச் சட்டை தானும் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன் என்று உட்கார்ந்தான். அவன் தவளை நேராகக் கிணற்றுக்குள் போனது. "அது கெணத்துல குளிக்கப் போயிருக்கு" என்றான்.

அன்று சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். ஆடி மாதம், யானைமலைப் பக்கம் ஏதோ கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் போல. தெருமுனையில் ஒரு குழாய், தூரத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு குழாய். ஒரே மைக், ஒரே பாட்டுக்காரர். தெருமுனைக் குழாய் ஒரு சொல்லைச் சொல்லி முடித்த பிறகு, தூரத்துக் குழாய் அதே சொல்லைச் சொன்னது. ஒவ்வொரு சொல்லையும் அப்படித்தான் சொன்னது. வருஷா வருஷம் கேட்கிறதுதான். அன்றைக்குத்தான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

புளியமரம்.

நான் குழாய்க் குரலுக்குச் சரியாகக் கொட்டினேன். குழாய்க் குரல்தான் மரத்திலிருந்து அவ்வளவு தூரம் கடந்து அத்தைக்குப் பின்னால் வந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். அத்தை இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன். கோபித்துக்கொள்ள அல்ல. "நேத்து வரைக்கும் நல்லாத்தான கொட்டுன" என்று அவர் கேட்டாரே, அதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரை மிஸ் சரிசெய்து கொண்டுவந்திருந்தாள். வாசலில் சந்தனம் கல்கண்டு தட்டை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டார்கள், வருகிறவர்களே எடுத்துக்கொண்டார்கள். மாடி வீட்டு அம்மா கடையிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்து, பின்னால் வேர்வையோடு நின்றாள். அப்பா ஆட்டோவை மண்டபத்து வாசலிலேயே போட்டுவிட்டு அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தார். பிள்ளைகள் எல்லோரும் டி.வி.யைப் பார்த்துத் தட்டினார்கள். ஒரு பிள்ளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தட்டியது. தவளை விழவில்லை.

"நம்ம பிள்ள என்னத்துக்குக் கண்ண மூடிக்கிட்டு இருக்கு?" என்று அவர் என் காதில் கேட்டார்.

"அது அப்படித்தான் கேக்கும்" என்றேன். என் கை மடியில் தட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

இதைத்தான் எழுத நினைத்தேன். மலர் போடுகிற தம்பிகளுக்கும், அந்த வருஷம் என்னோடு கொட்டியவர்களில் இன்னும் ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன், செய்ய வேண்டும். அச்சில் போடுவதற்கு முன்னால் அந்த மரத்தைச் சரிபாருங்கள். என் நினைவில் அது கோயிலிலிருந்து வெகுதூரத்தில், மடையையும் தாண்டி நிற்கிறது. இத்தனை வருஷத்தில் என் மனமே அதை எனக்குத் தோதாக நகர்த்தி வைத்திருக்கவும் கூடும். மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், வேர்க்கட்டையாவது கிடக்கும். ஒருத்தி கோயில் முன்னால் நின்று பலமாகக் கை கொட்டட்டும். இன்னொருத்தி வேர்க்கட்டைப் பக்கம் நின்று பார்க்கட்டும். கை சேர்ந்த பிறகு சத்தம் தனியாக வந்தால், நான் எழுதியதை அப்படியே போடுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் மரத்தைப் பற்றி எழுதியதை எடுத்துவிடுங்கள். எதுவானாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். இந்த வருஷம் முளைப்பாரிக்கு வாரேன் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.